நாலு நாள் முந்திய எதிரொலி

இதை நான் பார்க்கவில்லை. வெள்ளைமுனைக் கடற்படை ஒலி ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கேண்டீன் ரெபேக்காள் எனக்குச் சொன்னது. அவருக்கு அவருடைய மாமியார் சொன்னது. மாமியார் அன்றைக்குப் படகுத்துறையில் நின்றவர். கைமாறி வந்த கதையில் தப்பு இருக்குமென்றால் அது யார் கையில் ஒட்டியது என்று எனக்குத் தெரியாது. நானாகச் சேர்த்தது ஒன்றுமில்லை.

வெள்ளைமுனையில் ஒரு தொட்டி இருந்தது. அறுபதடி நீளம், முப்பதடி அகலம், நாற்பதடி ஆழம். தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வந்த தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து அதில் நிரப்பியிருந்தார்கள். அலை இல்லாத, மீன் இல்லாத, காற்றுகூடத் தொடாத அந்தத் தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பி, அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டு, கேட்டதைக் காகிதச் சுருளில் கோடாக வரையவைத்து, அந்தக் கோட்டை அளந்து எழுதுவதுதான் அங்கே வேலை. கேட்கும் கருவிக்கு நீர்க்காது என்று பெயர். அதன் மறுமுனையில் தலைக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அமலோற்பவம். வள்ளம் தள்ளுகிற வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, அந்த ஊரிலிருந்து ஆய்வுக்கூடத்தின் உள்வாசலைத் தாண்டிய முதல் பெண். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுவாள். தெரியாததற்கு எதிரே 'தெரியவில்லை' என்று முழுதாக எழுதுவாள், கோடு கிழித்துவிட மாட்டாள்.

ஒரு வைகாசிச் செவ்வாய்க்கிழமை அந்தத் தொட்டியில் எதிரொலி முதலில் வந்தது, சத்தம் அதன் பிறகுதான் போனது. முந்திய நேரம் கண்ணிமைப்பொழுதுதான். பொறுப்பாளர் டாக்டர் நீலமேகன் பேனாவை மாற்றினார், காகிதத்தை மாற்றினார், கம்பியை மாற்றினார், கடைசியில் அமலோற்பவத்தை எழுப்பிவிட்டு வேறு ஆளை உட்காரவைத்துப் பார்த்தார். எதிரொலி அப்போதும் முந்தியே வந்தது. "சரிங்க, அதுக்கு அவசரம் போல, நாம என்ன பண்றது, அளந்து எழுதுங்க" என்றார். அளந்து எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு நல்ல படிகம் ஒன்றைத் தேய்த்து நீர்க்காதில் பொருத்தினார்கள், எதிரொலி ஒரு நிமிடம் முந்தியது. இரைச்சலைக் குறைக்கும் ஆம்ப்ளிபயரை அங்கேயே செய்து மாட்டினார்கள், அது அரை நாள் முந்தியது. கம்பிக்கு மெழுகுத்துணி சுற்றினார்கள், அது நாலு நாள் முந்தியது. ஐந்தாவது நாளுக்கும் முயன்றிருக்கலாம், ஆனால் நாலு நாளுக்கு மேற்பட்ட லீவுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதுபோல இதற்கும் ஏதாவது விதி இருக்கும் என்று பயந்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் அங்கே உருவான கருவிகள் எல்லாம், அந்த அவசரக்கார எதிரொலியை இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உருவானவை.

ஊர் ஒரு மாதம் ஆச்சரியப்பட்டது. பிறகு கணக்குப் பார்த்தது. தொட்டிக்குள் எழப்போகிற சத்தத்தை மட்டும்தான் தொட்டி முன்கூட்டிச் சொல்லும். மழையையோ மாப்பிள்ளையையோ சொல்லாது. லாட்டரிச் சீட்டு வாங்கிய ஒரு குமாஸ்தா மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை பரிசு எண்ணைப் பேப்பரில் பார்த்துத் தொட்டிக்குள் உரக்க வாசித்துவிடுவேன், அதை இந்தச் செவ்வாய்க்கிழமையே கேட்டுச் சொல்லுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை நீர்க்காதில் "போவே வெளியே!" என்ற குரல்தான் கேட்டது. சனிக்கிழமை அவர் பேப்பரோடு ஓடிவந்தபோது காவலாளி சப்பாணிமுத்து அதையே சொல்லி அவரை வெளியே தள்ளினார். அதோடு ஜோசியத்துக்கு உதவாத அதிசயம் என்று ஊர் அதை விட்டுவிட்டது.

ஆய்வுக்கூடம் விடவில்லை. ஸ்டோர் கீப்பர் தோத்தாத்திரி அதற்கு ஒரு பதிவேடு திறந்தார். 'நிலுவைச் சத்தப் பதிவேடு' என்று அட்டையில் எழுதி, கேட்ட தேதி, சத்தத்தின் வகை, எழ வேண்டிய நேரம், எழுப்பியவர் கையெழுத்து என்று நாலு கட்டம் போட்டார். எதிரொலி வந்துவிட்ட சத்தம் அலுவலகத்துக்கு வந்துவிட்ட சரக்கு மாதிரி, அதற்கு ஒரு ஆள் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்பது அவர் கொள்கை. ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டால் நாலாம் நாள் எல்லோரும் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், அப்படியும் ஒருவர் கையிலிருந்து அது சரியான நேரத்துக்கு விழும், அவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். யாரும் வராவிட்டால், மாலைக்குள் சப்பாணிமுத்துவைக் கூப்பிட்டு இருமச் சொல்லியோ டப்பாவைப் போடச் சொல்லியோ தோத்தாத்திரி நிலுவையைத் தீர்த்துவிடுவார். அதில் ஒரு சிக்கல் இருந்ததை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, மாலை நாலு இருபதுக்கு, அமலோற்பவம் தலைக்கருவியில் இதைக் கேட்டாள். கேட்டதைக் கேட்டபடி எழுதினாள்: 'ஒருவர் விழும் சத்தம். ஆண் குரல்: இது நல்ல தண்ணியா? பதில் இல்லை. பிறகு நாலு மடக்குக் குடிக்கும் சத்தம். அதன்பின் பிரித்தறிய முடியாத இரைச்சல். யார் என்று தெரியவில்லை.'

"நல்ல தண்ணியாவாம்!" என்று தோத்தாத்திரி சிரித்தார். "மாசா மாசம் படிகாரம் கலக்கிக் கொட்டறோம், எந்தப் பயல் இப்படிக் கேக்கப்போறான்?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற யாராவது இருக்கும் சார்."

"விழுந்துட்டா கேப்பான்? வெள்ளிக்கிழமை நாலு இருபது. போட்டாச்சு."

செவ்வாய்க்கிழமை காலை அமலோற்பவத்தின் தம்பி செலஸ்டின், இன்னும் நாலு பேரோடு 'மரியபாக்கியம்' என்ற விசைப்படகில் கடலுக்குப் போனான். அன்று மாலை புயல் வந்தது. புதன்கிழமை மத்தியானம் அடங்கியது. மற்றப் படகுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கரை சேர்ந்தன, மரியபாக்கியம் சேரவில்லை. வியாழக்கிழமை கடற்படையின் விமானம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மிதந்துகொண்டிருந்த ஐஸ்பெட்டியையும் ஒரு கிழிந்த வலையையும் கண்டதாகச் சொன்னது. மாலையில் தேடல் நிறுத்தப்பட்டது. ஊரில் கோயில் மணி அடித்தது. பங்குச்சாமியார் ஐந்து பேருக்கும் சேர்த்துச் சனிக்கிழமை பூசை என்று அறிவித்தார்.

அமலோற்பவம் அழாமல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பதிவேட்டைத் திறந்து திங்கட்கிழமை எழுதியதைப் படித்தாள். மறுபடி படித்தாள். நல்ல தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொட்டியில் விழுந்து, நல்ல தண்ணியா என்று ஒருவன் எப்போது கேட்பான்? இரண்டு மூன்று நாள் தன்னைச் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாமல் இருந்தவன்தான் கேட்பான். கேட்டது அவன் குரல்தானா என்று நினைத்துப் பார்த்தாள். தண்ணீருக்குள் எல்லா ஆம்பிளைக் குரலும் பீப்பாய்க்குள் பேசுவது மாதிரித்தான் இருக்கும். தெரியவில்லை.

தோத்தாத்திரி அருகே வந்து நின்றார். நல்ல மனிதர், ஆறுதல் சொல்லத்தான் வந்தார். "ஏம்மா அமலி, வீட்டுக்குப் போ. இந்தப் பதிவேட்டைப் பத்தியெல்லாம் இப்போ நினைக்காதே. நாளைக்கு நாலு இருபதுக்கு யாரும் வரலைன்னா சப்பாணிமுத்து குதிச்சு அந்த வார்த்தையைச் சொல்லிடுவான். சொல்லிவெச்சுட்டேன்."

அப்படியானால் திங்கட்கிழமை கேட்டது சப்பாணிமுத்துவின் குரலாகவும் இருக்கலாம். எதிரொலி வந்ததால் அவர் குதிக்கிறார், அவர் குதிப்பதால் எதிரொலி வந்தது. இத்தனை நாளும் தொட்டி இவர்களுக்குச் சொன்னதா, இவர்கள் தொட்டிக்குக் கீழ்ப்படிந்ததா? இதை யாரும் பிரித்து வைக்கவேயில்லை.

"சார், யாரும் குதிக்கக்கூடாது" என்றாள்.

"குதிக்காட்டா நிலுவை நிக்குமேம்மா."

"நிக்கட்டும். நிலுவைன்னு எழுதுங்க."

வாசலில் ஈரிழைத் துண்டோடு ஒத்திகைக்குத் தயாராக நின்ற சப்பாணிமுத்துவிடம் போய்க் கை நீட்டினாள். "அண்ணாச்சி, தொட்டிவீட்டுச் சாவியைத் தாங்க."

"எதுக்குத்தா? நாளைக்கு நான்லா உள்ள போணும்."

"நீங்க போகக்கூடாதுன்னுதான்."

அவர் தோத்தாத்திரியைப் பார்த்தார், தோத்தாத்திரி கூரையைப் பார்த்தார். சாவி அமலோற்பவத்தின் முந்தானையில் முடிச்சாக ஏறியது. தொட்டிவீட்டுக்கு அது ஒன்றுதான் சாவி.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் டாக்டர் நீலமேகனையும் கூட்டிக்கொண்டு கடற்படை நிலையத்துத் தளபதி முன்னால் போய் நின்றாள். குரியன் என்று பெயர், இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். பதிவேட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது உங்க தம்பியோட குரலா?"

ஆமாம் என்ற ஒரு சொல் அவள் நாக்கு நுனியில் நின்றது. ஆமாம் என்றால் படகு கிடைக்கும். நீலமேகன் அவளைப் பார்த்தார், சொல்லுங்க என்பதுபோல.

"தெரியல சார்" என்றாள். "எங்க வாட்ச்மேன் குரலா இருக்கும்னும் ஒரு சந்தேகம் இருந்தது. அதனால சாவியை நான் எடுத்துட்டேன். இனி நான் திறந்தாத்தான் யாரும் உள்ள போக முடியும். அது மட்டுந்தான் எனக்கு நிச்சயம்."

"நான் உள்ளே போய் அந்த வார்த்தையைச் சொன்னா? என் குரலும் ஆண் குரல்தானே."

"சொல்லலாம் சார். ஆனா நீங்க நாலு மடக்குக் குடிக்கணும்."

விமானத்துக்குத் தெரியாத எதை உங்களால் கண்டுபிடிக்க முடியும் என்று குரியன் கேட்டார். அவள் சொன்னாள். விமானம் பார்க்கும், கவிழ்ந்த படகு அடிப்பாகம் மட்டும் தெரிய அலையோடு அலையாகக் கிடந்தால் அது தெரியாது. உள்ளே மீன் கொட்டிவைக்கும் கிட்டங்கியில் காற்று அடைபட்டிருந்தால், அதில் ஆள் இருந்தால், தட்டுவார்கள். தட்டினால் தண்ணீருக்குள் வெகுதூரம் கேட்கும். ஒரு நீர்க்காது வைத்தால் சத்தம் இருக்கிறது என்று மட்டும் தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. இரண்டு நீர்க்காதுகளை ஒரு மூங்கிலின் இரண்டு நுனியிலும் கட்டி, ஒன்றை வலது காதுக்கும் மற்றதை இடது காதுக்கும் கொடுத்து, மூங்கிலைத் திருப்பிக்கொண்டே வந்தால், சத்தம் நடு நெற்றிக்கு வந்து நிற்கும் ஒரு திசை உண்டு.

"இதைச் செஞ்சு பார்த்திருக்கீங்களா?"

"இல்ல சார். ஸ்டோர்ஸ்ல ஒரு ஆளுக்கு ஒரு நீர்க்காதுதான் தருவாங்க."

சாயங்காலம் நாலு மணிவரைக்கும் ஒரு சிறு படகு உங்களுக்கு, அதற்கு மேல் மேலிடத்தில் என்னால் கேட்க முடியாது என்றார் குரியன். தோத்தாத்திரி இரண்டாவது நீர்க்காதை இண்டென்ட் சீட்டு இல்லாமல், தன் வேட்டி மடிப்பில் வைத்து, தானே துறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்திரண்டு வருட வேலையில் அவர் விதி மீறியது அதுதான் முதல் தடவை என்பதால் அதைக் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

கேட்க வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் படகு அலையின் கையில். ஐஸ்பெட்டி கிடந்த இடத்திலிருந்து நீரோட்டம் போகும் போக்கில் அரை மைல் ஓடுவதும், நிறுத்துவதும், மூங்கிலை இறக்குவதும், நீலமேகன் வாந்தி எடுப்பதும், அமலோற்பவம் கண்ணை மூடி இரண்டு காதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதும், மூங்கிலை ஏற்றுவதும், மறுபடி ஓடுவதுமாக ஒன்பது இடம் பார்த்தார்கள். ஆறாவது இடத்தில் ஒரு பெரிய அலை படகின் குடிதண்ணீர்க் கேனைக் கவிழ்த்துவிட்டது. ஒரு தம்ளர் மிஞ்சியது. எட்டாவது இடத்தில் நீலமேகன், "நாம திரும்பிரலாமுங்களா" என்று கேட்டார், கேட்டதும் தானே வெட்கப்பட்டு மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

பத்தாவது இடத்தில், மத்தியானம் ஒன்று பத்துக்கு, அவள் இடது காதில் ஒன்று கேட்டது. இறால் பொரிவது போன்ற கடலின் வழக்கமான சலசலப்புக்குக் கீழே, இரும்பு மரத்தில் படுகிற சத்தம். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

அவள் கையை உயர்த்தினாள். நீலமேகன் மூங்கிலை ஒரு விரற்கடை திருப்பினார், இன்னொரு விரற்கடை திருப்பினார், சத்தம் அவள் காதிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து நெற்றி நடுவுக்கு வந்து நின்றது. அவள் விரல் நீட்டிய திசையில் படகு போனது. மூன்று தடவை நிறுத்திக் கேட்டார்கள், மூன்று தடவையும் தட்டுச் சத்தம் பெரிதானது. ஒரு திமிங்கிலத்தின் முதுகு மாதிரி, பாசி படிந்த கறுத்த அடிப்பாகம் ஒரு முழ உயரத்துக்குத் தெரிந்தது. அவள் ஸ்பேனரை எடுத்து அதன்மேல் மூன்று தட்டுத் தட்டினாள். உள்ளேயிருந்து, யாரோ கெட்டவார்த்தையில் ஆரம்பித்துக் கர்த்தரின் பெயரில் முடித்தார்கள்.

பலகையை வெட்டி ஐந்து பேரையும் எடுத்தார்கள். ஐந்து பேரும் உயிரோடிருந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், உப்புப் பூத்து, சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த சுண்ணாம்பு மாதிரி இருந்தார்கள். ஒரு தம்ளர் தண்ணீரை ஐந்து பேரும் நாக்கில் நனைத்துக்கொண்டார்கள். வயர்லெஸ் கரைக்குச் சொன்னது. படகு ஆய்வுக்கூடத்துத் துறைக்குத் திரும்பியது, ஆம்புலன்ஸ் அங்கேதான் வர முடியும்.

துறையில் ஊரே நின்றது. தோத்தாத்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மணி நாலு பத்து. நாலு பேரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். செலஸ்டின் மட்டும், "பிணத்தையா தூக்குறியள்? நான் நடப்பேன்" என்று தள்ளாடி நடந்தான். துறையிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போகும் வழி தொட்டிவீட்டு வாசலைத் தொட்டுத்தான் போகும்.

அமலோற்பவம் முன்னால் ஓடினாள். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவளும் சொல்லவில்லை, சொன்னால் அது சப்பாணிமுத்து குதிப்பது மாதிரித்தான். இடுப்பில் துண்டோடு நின்ற சப்பாணிமுத்துவை விலக்கிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பூட்டைத் திறந்து, கதவை விரியத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றாள். தன் வேலை கதவைத் திறப்பது மட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

செலஸ்டின் வாசலில் நின்றான். கூரைக்குக் கீழே, நீலமாக, அசையாமல், அவ்வளவு தண்ணீர். அவன் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு எட்டு வைத்தான், மூன்றாவது எட்டு தரையில் படவில்லை. விழுந்தான். மேலே வந்து இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிவைத்துக்கொண்டு, சந்தேகத்தோடு அவர்களைப் பார்த்தான்.

"இது நல்ல தண்ணியா?"

யாரும் பேசவில்லை. பதில் இல்லை என்று பதிவேட்டில் இருந்தது. அவனைப் பெற்ற தாய் விசேந்தி வாயைத் திறந்தாள், தோத்தாத்திரி அவர் வாழ்நாளிலேயே முதன்முதலாக ஒரு பெண்ணின் வாயைக் கையால் பொத்தினார். நீலமேகன் உதட்டைக் கடித்தார். வாசல் வரைக்கும் நெருங்கிய ஐம்பது அறுபது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அமலோற்பவத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, ஆமாம் மக்கா, குடி மக்கா என்று. அதை எச்சிலோடு விழுங்கினாள்.

பதில் வராததைப் பார்த்த செலஸ்டின் குனிந்து குடித்தான். ஒரு மடக்கு. எல்லோர் விரலும் மடங்கியது. இரண்டு. மூன்று. மூன்றில் நிறுத்தி, தலையை உயர்த்தி, இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்பதுபோலப் பார்த்தான். சப்பாணிமுத்து துண்டைக் கடித்துக்கொண்டார். அவன் மறுபடி குனிந்தான்.

நாலு.

"போதும்! இனிமே பேசலாம்!" என்று தோத்தாத்திரி கத்தினார். ஒரே நேரத்தில் ஊரே பேசியது. அந்தக் கூச்சலுக்குள் அமலோற்பவம் ஏணியில் இடுப்பளவு இறங்கி அவன் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள்.

"குடிலே! நல்ல தண்ணிதாம்லே! கேக்குறான் பாரு கேள்வி!"

"கேட்டா பதில் சொல்ல மாட்டியளா?" என்றான் அவன். "ஊமச் சனங்களா நீங்க? ஏக்கா, எதுக்குக்கா அழுத?"

பிறகு அந்த ஊரில் படகுக்கு ஒரு மூங்கிலும் இரண்டு நீர்க்காதும் வைக்கும் வழக்கம் வந்தது. ஸ்டோர்ஸில் ஒரு ஆளுக்கு இரண்டு என்று விதி திருத்தப்பட்டது. யாரும் இன்னொருவரின் சத்தத்தைத் தீர்க்கக் கூடாது என்று தொட்டிவீட்டுச் சுவரில் எழுதினார்கள்.

ரெபேக்காள் சொன்னது இவ்வளவுதான். பயிற்சி முடிந்து கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பங்குச்சாமியாரிடம் அனுமதி கேட்டு, கோயிலின் அடக்கப் பதிவேட்டில் அந்த ஆண்டைப் பார்த்தேன். ஐப்பசியில் கடைசியாக அடக்கமானவர் எண்பத்தொரு வயதுக்காரர் ஒருவர், வரிசை எண் நாற்பது. அதற்குக் கீழே கார்த்திகையில், நாற்பத்தொன்று முதல் நாற்பத்தைந்து வரை எண்கள் மட்டும் எழுதப்பட்டு, ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருந்தன. அடுத்த பெயர் மாசியில் வருகிறது. அதற்கும் நாற்பத்தொன்று என்றே எண் போட்டிருந்தார்கள்.